எட்டா, பியா?

1

கடந்த ஆண்டு ஓர் இரவு ஷிப்டில், நான் வேலை செய்யும் ஆலையில் ஒரு பம்ப் தவறுதலாக நிறுத்தப்பட்டது. நிறுத்தச் சொல்லியிருந்தது 1பி என்ற பம்பை. பி என்பது ஆங்கில எழுத்து. நின்றது 18 என்ற பம்ப். இரண்டுக்கும் சுவிட்ச் ஒரே பேனலில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது. குளிர்நீர் போவது நின்று, அலாரம் அடித்து, லைன் முழுக்க நாற்பது நிமிடம் படுத்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சுவிட்சைத் திருப்பிய டெக்னீஷியனுக்கு மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர். எங்கள் எல்லாருக்கும் அண்ணன். "வயசாச்சு, கண்ணாடிய மாத்துங்க" என்று மீட்டிங்கில் ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பேனலின் பெயர்த்தகடுகளை ஆறு மாதத்துக்கு முன் மாற்றியவள் நான். பழைய தகடுகள் வெளுத்துப்போயிருந்தன. புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது எந்த எழுத்துருவில் பொறிக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். யாரையும் கலந்துகொள்ளாமல் யூரோஸ்டைல் போல்ட் எக்ஸ்டெண்டட் என்று சொன்னேன். காரணம் ஒன்றுதான்: எனக்கு அது பிடிக்கும். பல்கலைக்கழக நாள்களிலிருந்தே பிடிக்கும்.

நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். அவற்றையெல்லாம் நம் கண்ணுக்குக் கொண்டுவரும் எழுத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்குப் பிடித்த ஒன்றை நான் ஒழுங்காகப் படித்துப் பார்த்ததே இல்லை என்பது அந்த மீட்டிங்கில்தான் உறைத்தது. இப்போது படித்துப் பார்க்கிறேன்.

2

பெயர் தெரியாவிட்டாலும் இந்த எழுத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போதே கால் அகட்டி நிற்பதுபோல் தடிமனாக, அகலமாக இருக்கும். ஆங்கில ஓ இதில் வட்டமாக இருக்காது. சதுரமாகவும் இருக்காது. பழைய டிவிப் பெட்டியின் திரையைப்போல், நான்கு மூலையும் மழுங்கி, நான்கு பக்கமும் லேசாக வெளியே உப்பியிருக்கும்.

கணிதத்தில் இந்த வடிவத்துக்கு நெருக்கமான உறவுக்காரர் ஒருவர் உண்டு. சூப்பர் எலிப்ஸ். நீள்வட்டத்தின் சமன்பாட்டில் அடுக்கு 2 என்று இருக்கும். அதை 2.5, 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போனால், வளைவு மூலைகளை நோக்கிப் பிதுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செவ்வகமாக மாறும். டென்மார்க்கின் பியட் ஹெய்ன் 1959இல் ஸ்டாக்ஹோம் நகரின் செர்கெல் சதுக்கத்துக்கு 2.5 என்ற அடுக்கைத் தேர்ந்தெடுத்துப் புகழ்பெற்றார். வட்டம் கேட்பவருக்கும் சதுரம் கேட்பவருக்கும் நடுவில் ஒரு சமாதானம். எழுத்தில் இதே சமாதானம் அதற்கு ஏழு வருடம் முன்பே நடந்துவிட்டது.

ஆனால் யூரோஸ்டைலின் உண்மையான துணிச்சல் அந்த வளைவில் இல்லை என்பது என் கருத்து. அதன் துணிச்சல் சமத்துவத்தில் இருக்கிறது. ரோமாபுரியின் டிராஜன் தூணில் செதுக்கிய பெரிய எழுத்துகளைப் பாருங்கள். கி.பி. 113. அங்கே ஓ அகலமானது, க்யூ அகலமானது. ஈ, எல், எஸ், பி ஆகியவை அதில் பாதி அளவுதான். ஒரு வரியில் அகலமும் குறுகலும் மாறி மாறி வரும். கண் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும். யூரோஸ்டைல் அகல வகையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது. ஈ, எஸ், பி எல்லாம் ஓவின் அகலத்துக்கு இழுக்கப்படுகின்றன. எல்லாரும் ஒரே அளவுப் பெட்டிக்குள் வந்து நிற்கிறார்கள். ஸ்கூல் அசெம்பிளியில் உயரப்படி நிற்காமல், எல்லாரும் ஒரே உயரம் என்று தலையைத் தட்டி நிறுத்தியதுபோல.

அதனால்தான் அது அழகு. ஒரு சொல்லை இந்த எழுத்தில் அடித்தால், எழுத்துகள் சேர்ந்து ஒரே கட்டையாக, ஒரு பொருளாக நிற்கும். வண்டியின் பின்பக்கத்தில் ஒட்டலாம், இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டலாம், கழன்று விழாது என்ற உணர்வு வரும்.

அதனால்தான் அது ஆபத்தும்கூட. பியும் 8உம் இதில் ஒரே பெட்டி. இரண்டுக்கும் வயிற்றில் இரண்டு கிடைமட்டக் கீற்று. வித்தியாசம் இடது பக்க மூலைகளில் மட்டும்: பிக்கு மூலை கூர்மை, 8க்கு மழுக்கம். டிக்கும் ஓவுக்கும் சுழியத்துக்கும் இதே கதை.

3

இந்த எழுத்து பிறந்த ஊர் இத்தாலியின் டுரின். ஃபியட் கார்களின் ஊர். அங்கே நெபியோலோ என்ற நிறுவனம் அச்சு இயந்திரங்களும் ஈய அச்செழுத்துகளும் செய்துகொண்டிருந்தது. அதன் எழுத்துக்கூடத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் சேர்ந்து வரைந்த மைக்ரோகிராமா 1952இல் வந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே. பத்து வருடம் கழித்து, 1962இல், நோவரேஸே தனியாக அதற்குச் சிறிய எழுத்துகளும் சேர்த்து யூரோஸ்டைல் என்ற பெயரில் விரித்தார்.

இதே இருவர் 1951இல், அதாவது ஒரு வருடம் முன்னால், அகஸ்டேயா என்ற எழுத்தை வெளியிட்டிருக்கிறார்கள். அது ரோமானியக் கல்வெட்டு மரபில் வந்தது. மேலே சொன்ன அகலமும் குறுகலும் கலந்த பழைய தாளம் அதில் இருக்கிறது. ஒரே கூடம், ஒரே கைகள், அடுத்தடுத்த ஆண்டுகள். ஒன்று இரண்டாயிரம் வருடக் கல். இன்னொன்று அந்தக் கல்லின் அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பெட்டியாக்குகிறது. தெரியாமல் செய்த வேலை இல்லை இது. பழைய விகிதங்களை நன்றாக அறிந்தவர்கள், தெரிந்தே கைவிட்டார்கள்.

எதற்காக? இது டிவித் திரையின் வடிவம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். நானும் நம்பினேன். தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் இடிக்கிறது. இத்தாலியில் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1954 ஜனவரியில். மைக்ரோகிராமா அதற்கு முன்பே அச்சுக்கு வந்துவிட்டது. ஆகவே திரையைப் பார்த்து எழுத்து வந்தது என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. போருக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ரயில் ஜன்னல், விமான ஜன்னல், கார் உடம்பு, ரேடியோப் பெட்டி என்று எல்லாப் பொருளும் மூலை மழுங்கிக்கொண்டிருந்தன. தகட்டை அழுத்தி வளைக்கும் தொழிற்சாலைக்குக் கூர்மூலையைவிட மழுங்கிய மூலை சுலபம். கூர்மூலையில் தகடு கிழியும். இதை நான் பாடத்தில் படித்தேன், பட்டறையிலும் பார்த்தேன். யூரோஸ்டைலை நான் பார்க்கும்போது டிவி தெரிவதைவிட அழுத்தி எடுத்த தகடுதான் அதிகம் தெரிகிறது.

பெயரையும் கவனியுங்கள். மைக்ரோகிராமா என்றால் நுண்ணெழுத்து. கட்டடத்து நெற்றியில் பார்த்த நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் பெரிய எழுத்துகளை அகலமாக வரைந்தால், உயரம் குறைவாக இருக்கும்போதும் உள்ளே இருக்கும் வெளி அடைபடாமல் திறந்திருக்கும். அந்த வகையில் பெயர் சரிதான். யூரோஸ்டைல் என்ற பெயரோ வேறு கனவு. ரோம் ஒப்பந்தம் 1957. அது முடிந்து ஐந்து வருடத்தில், எந்த நாட்டின் பெயரும் இல்லாமல் "ஐரோப்பியப் பாணி" என்ற பெயரோடு ஓர் எழுத்து வருகிறது. எல்லாரும் ஒரே பெட்டிக்குள் நிற்கும் கனவு எழுத்தில் மட்டும் இருக்கவில்லை என்று நான் வாசிக்கிறேன். போரில் வெந்துபோன கண்டத்துக்கு அந்தக் கனவு தேவைப்பட்டிருக்கலாம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

4

நான் இதில் விழுந்தது ஹாஸ்டல் அறையில். நாலு பேர் ஒரு மடிக்கணினி முன் உட்கார்ந்து ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்தோம். 1968 படம். யூரோஸ்டைலுக்கு அப்போது வயது ஆறு. படத்தின் தலைப்பு இங்கிலாந்தின் கில் சான்ஸ் எழுத்தில் வரும். ஆனால் விண்கலத்துக்குள் போனதும் அங்கங்கே அந்த அகல எழுத்து தலைகாட்டும். ரூம்மேட்டுகள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நான் மறுநாளே அந்த எழுத்தைத் தேடி இறக்கினேன். என் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையின் அட்டையிலிருந்து அது என்னோடு வருகிறது.

அதற்குப் பிறகு வந்த விண்வெளிப் படங்கள் அந்த எழுத்தைத் தேய்த்துத் தீர்த்துவிட்டன. டேவ் ஆடி என்பவர் அறிவியல் புனைவுப் படங்களின் எழுத்துருக்களை மட்டுமே ஆராய்ந்து 2018இல் 'டைப்செட் இன் த ஃபியூச்சர்' என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். கதை எதிர்காலத்தில் நடக்கிறது என்று சொல்ல வேண்டுமா, யூரோஸ்டைல் போல்ட் எக்ஸ்டெண்டட் போடு, போதும் என்பது அதில் ஓடும் நகைச்சுவை. எழுத்து தேய்வழக்கு ஆகிவிட்டது என்பது இப்போது பொதுவான தீர்ப்பு.

எனக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. தேய்வழக்கு என்பது பயன்படுத்துகிறவர்களின் சோம்பேறித்தனம். எழுத்தின் குணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஏன் இந்த எழுத்து சினிமாவுக்கு அவ்வளவு பொருந்தியது என்று கேட்டால் அல்லவா குணம் தெரியும்? என் பதில் இது: சினிமாவில் இருக்கும் பேனலை யாரும் வாசிக்க வேண்டியதில்லை. நடிகர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விண்கலம் போகும். எழுத்து அங்கே இருப்பது, "இது தீவிரமான இயந்திரம்" என்று நம்மை நம்பவைக்க. அதாவது பார்க்கப்படுவதற்கு. யூரோஸ்டைல் போல்ட் எக்ஸ்டெண்டட் பார்க்கப்படுவதற்காகவே பிறந்த எழுத்து. ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு சொல். அதற்கு மேல் அது பேசாது. ஒரு முழுப் பத்தியை அதில் அடித்துப் பாருங்கள், ஐந்தாவது வரியில் கண் வலிக்கும்.

அது காட்டும் எதிர்காலமும் அப்படித்தான். இடம் தாராளமாக இருக்கும், சொற்கள் குறைவாக இருக்கும், எல்லாம் ஒழுங்காக ஒரே அளவில் இருக்கும். இரவு மூன்று மணிக்கு, கண் எரிய, எண்ணெய் படிந்த மூக்குக்கண்ணாடி வழியே ஒருவர் எழுத்தைத் தேடுவார் என்பது அந்த எதிர்காலத்தில் இல்லை.

5

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோவரேஸேயின் எழுத்து என்று நான் வைத்திருந்தது முழுக்க அவருடையது இல்லை. நெபியோலோ 1970களின் கடைசியில் அச்செழுத்து வார்ப்பதை நிறுத்திவிட்டது. ஈயத்திலிருந்து ஒளி அச்சுக்கும், பிறகு கணினிக்கும் எழுத்து மாறியபோது அந்தப் பக்கங்களின் மெல்லிய உப்பல் தட்டையாகிப்போனது. 2008இல் லினோடைப் நிறுவனத்துக்காக அகிரா கோபயாஷி 'யூரோஸ்டைல் நெக்ஸ்ட்' வரைந்தபோது முக்கியமாகச் செய்தது, போன அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவந்ததுதான். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய கணினி வடிவம் பிளாஸ்டிக் டப்பா. மற்றது காற்று நிரப்பிய தலையணை. மூச்சு இருக்கிறது.

அகலமாக வரைவதும் அகலமாக இழுப்பதும் ஒன்றில்லை என்பதையும் அப்போதுதான் கற்றேன். சாதாரண எழுத்தை எடுத்துக் கணினியில் பக்கவாட்டில் இழுத்தால், நிமிர்ந்த கோடுகள் தடிக்கும், படுத்த கோடுகள் மெலிந்தபடியே கிடக்கும், வளைவுகள் சப்பையாகும். அகல எழுத்தை வரைபவர் ஒவ்வொரு கோட்டின் தடிமனையும் மறுபடி தீர்மானிக்கிறார்.

இதை எழுதும்போது நம் ஊர்ப் பேனர்கள் ஞாபகம் வராமல் இருக்குமா? தைப்பூசம், கோயில் திருவிழா, கல்யாணம், பாராட்டு விழா. இடம் அகலமாக இருக்கிறது, எழுத்து நாலுதான் இருக்கிறது, உடனே மூலையைப் பிடித்து ஒரு இழு. தமிழ் எழுத்து ரோட்டில் நசுங்கிய தவளை மாதிரி கிடக்கும். யாருக்கும் உறுத்துவதில்லை.

இன்னொரு பக்கம், கொஞ்சம் விவரம் தெரிந்த வடிவமைப்பாளர்கள் தமிழையும் யூரோஸ்டைல் மாதிரி பெட்டியாக்கிப் பார்க்கிறார்கள். ட, ப, ம, ய வரை சுகமாகப் போகும். ப ஏற்கெனவே மூடியில்லாத பெட்டிதானே. இ, ஞ, ண வந்ததும் தகராறு. ரவுக்கும் துணைக்காலுக்கும் இருக்கும் வித்தியாசம் கீழே ஒரு சிறு சாய்வுக்கோடு. எவை ஏ ஆக்குவது ஒரு சின்ன இழுப்பு. கெவைக் கே ஆக்குவது ஒரு சுழி. எல்லாவற்றையும் தடிமனாக்கி ஒரே அகலத்துக்கு இழுத்தால் முதலில் சாவது இந்தச் சின்ன விஷயங்கள்தான். மொழியில் அவை சின்ன விஷயங்கள் இல்லை.

தடிமனும் உருண்டையும் தமிழுக்கு ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. மும்பையின் ஏக் டைப் கூடத்திலிருந்து வந்த பலூ குடும்பத்தில் தமிழுக்கு 'பலூ தம்பி' இருக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளைபோல் கொழுகொழு எழுத்து. ஆனால் ர ஒல்லியாக அதன் இடத்தில் நிற்கிறது, ண தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்கிறது. சுழிகளுக்குள் வெளிச்சம் போகிறது. யாரையும் பெட்டிக்குள் அடைக்காமலேயே எல்லாரும் ஒரே குடும்பம் என்று தெரிகிறது. யூரோஸ்டைலின் எதிர்காலத்தைவிட இந்தக் குடும்பத்தில் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

6

மீட்டிங் முடிந்து மூன்றாவது நாள்தான் மேலாளரிடம் போனேன். அந்த இரண்டு நாள் தாமதத்துக்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. தப்பு லேபலில் என்றேன். "ஃபாண்ட் ஆ?" என்று சிரித்தார். பேனலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர்த்தகட்டின் நீளம் அறுபது மில்லிமீட்டர். அதை மாற்ற முடியாது. பழைய எழுத்து ஆறு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த அகல எழுத்தில் அதே பெயர் அடங்காமல் போக, கடைக்காரர் உயரத்தை நாலாகக் குறைத்திருந்தார். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். கறுப்புத் தகட்டில் வெள்ளை தெரியக் குடையும் ஊசி தன் பங்குக்குப் பியின் கூர்மூலைகளையும் மழுக்கியிருந்தது. பிக்கும் 8க்கும் இருந்த ஒரே வித்தியாசம் அது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பாதி விளக்கை அணைத்துவிட்டு, எது எது என்று அவரையே சொல்லச் சொன்னேன். முதல் தடவை சரியாகச் சொன்னார். இரண்டாவது தடவை தப்பாகச் சொன்னார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. அது முறையில் இல்லையாம். கோப்பில் கூடவே ஒரு குறிப்பு சேர்த்துக்கொண்டார்கள். தகடுகளை மாற்றினோம். இந்த முறை அழகில்லாத, குறுகலான, பியும் 8உம் தூரத்திலேயே சண்டைக்காரர்களாகத் தெரியும் ஓர் எழுத்து. 1பி என்ற பெயரையே மாற்றலாம் என்று ஒரு மனுவும் போட்டிருக்கிறேன்.

அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். யூரோஸ்டைல், டுரின், வளைவு என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, கழற்றிப் போட்ட பழைய தகடு ஒன்றை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பாக்க ஷோக்காத்தாம்மா இருக்கு" என்றார். "வீட்டு கேட்ல என் பேரை இதுல போட்டுத் தரியா?"

போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு சொல், இருநூறு மில்லிமீட்டர் தகட்டில், கோபயாஷி திருத்திய வளைவோடு. தாமானுக்குள் நுழையும்போதே தெரிகிறது.